நாக்பூர் விமானமும் எங்கள் ஊர்ப் படகும்

பழவேற்காட்டுக்காரர்களுக்கு வானத்தில் எது போனாலும் பெரிய ஆச்சரியம் கிடையாது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு வலை உலர்த்திக்கொண்டே மேலே பார்ப்போம். புகை தெரியும், கொஞ்சம் கழித்துச் சத்தம் வரும், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

அப்படிப்பட்ட ஊரில் போன மாதம் ஒரு மாலையில் விமானத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. என் அக்கா மகன் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். அவன் பெண் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் விமானப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முதல் ஆண்டுக் கட்டணத்துக்கு நகை அடமானம் போனது. இரண்டாம் ஆண்டுக்கு, புது எஞ்சின் வாங்க வைத்திருந்த பணம் போனது. பழைய எஞ்சினைத் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டிக் கேட்டான்:

"மாமா, நாக்பூர்ல பணக்காரங்க போற ஜெட் விமானம் பண்ணப் போறாங்களாமே. நீங்கதான் பெங்களூர்ல அந்த வேலையே பாத்தவரு. அப்ப நம்ம பொண்ணு படிச்சு முடிச்சா அங்க விமானம் டிசைன் பண்ணலாமா?"

"பண்ணலாம்" என்று சொல்லி அவனைச் சந்தோஷப்படுத்தியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்தி. 2025 ஜூன் மாதம் பாரிஸ் விமானக் கண்காட்சியில் பிரான்சின் டசால்ட் நிறுவனமும் ரிலையன்ஸ் குழுமமும் ஓர் அறிவிப்பு செய்தன. ஃபால்கன் 2000 என்னும் வணிக ஜெட் விமானம் நாக்பூரில் முழுமையாகப் பொருத்தப்படும், 2028-க்குள் முதல் விமானம் வெளிவரும் என்றன. ஃபால்கன் விமானம் பிரான்சுக்கு வெளியே முழுதாக உருவாகப் போவது இதுவே முதல் முறை. அங்கே ஏற்கெனவே 2019 முதல் இந்த விமானத்தின் முன்பகுதியைச் செய்து அனுப்பி வருகிறார்கள். நல்ல செய்திதான். நான் குறை சொல்ல வரவில்லை.

ஃபால்கன் 2000 எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் என் தயக்கம் புரியும். டசால்ட்டிடம் ஃபால்கன் 900 என்று மூன்று எஞ்சின் விமானம் ஒன்று இருந்தது. அதன் உடலைச் சுமார் இரண்டு மீட்டர் குறைத்தார்கள். ஒரு எஞ்சினை எடுத்துவிட்டார்கள். இறக்கையை அப்படியே வைத்துக்கொண்டு முன்விளிம்பை மட்டும் மாற்றினார்கள். 1993 மார்ச்சில் அது பறந்தது. அதோடு விடவில்லை. சில ஆண்டுகளில் எஞ்சினையே மாற்றினார்கள்; கனடாவில் செய்யப்படும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று டன் உந்துவிசை தரும் இரண்டு எஞ்சின்கள். பிறகு இறக்கை நுனியை மேல்நோக்கி வளைத்தார்கள். அதனால் காற்று சுழன்று இழுப்பது குறைந்து, அதே எரிபொருளில் கூடுதல் தூரம் கிடைத்தது. அடுத்து இறக்கையின் முன்பக்கம் திறந்து மூடும் பட்டைகளைக் கூட்டினார்கள். சின்ன ஓடுபாதையிலும் மெதுவாக வந்து இறங்க முடிந்தது.

இன்றைய வடிவம் புறப்படும்போது அதிகபட்சம் சுமார் 19 டன் எடை. அதில் எரிபொருள் மட்டும் ஏழரை டன். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். எட்டுப் பத்துப் பேர் வசதியாக உட்காரலாம். ஆறு பேரோடு ஏறத்தாழ 7,400 கிலோமீட்டர் போகும். சென்னையில் கிளம்பினால் நடுவில் இறங்காமல் டோக்கியோ. பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே, 47,000 அடி வரை போக முடியும். அங்கே காற்று மெல்லியது, இழுப்பு குறைவு, புயலும் மேகமும் பெரும்பாலும் கீழேயே இருந்துவிடும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே விமானத்தை அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். எங்கே கை வைத்தால் எது கெடும், எது தேறும் என்பது அவர்கள் தலையில் இருக்கிறது. நாக்பூருக்கு வரப்போவது அந்தத் தலை இல்லை. வரைபடமும் பொருத்தும் முறையும் வரும்.

எங்கள் ஊரில் இதைச் சுலபமாகச் சொல்லிப் புரியவைக்கலாம். சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்துவிட்டது. ஃபைபர் படகுக்கு ஓர் அச்சு வேண்டும். அச்சுக்குள் ஃபைபர் பாயை விரித்து, பிசினைத் தடவி, காயவிட்டு எடுத்தால் படகு. அச்சு இருந்தால் ஒரு வருஷம் பழகிய பையனும் நூறு படகு எடுத்துவிடுவான். ஆனால் மூக்கு ஏன் இந்த அளவு தூக்கி நிற்கிறது, அடி ஏன் இப்படி வளைகிறது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. அச்சைச் செய்தவனுக்குத்தான் தெரியும். முகத்துவாரம் மண் மேடாகி அலை மாறினால், அதற்கேற்றபடி படகை மாற்ற அச்சு செய்தவனால் முடியும். அச்சில் பாய் விரிப்பவனால் முடியாது.

விமானத்தில் நமக்கு இது புதிதும் இல்லை. டார்னியர் 228 என்னும் சிறு விமானத்தை ஜெர்மனியின் உரிமத்தோடு கான்பூரில் 1980-களிலிருந்து செய்கிறோம். நம் கடலோரக் காவல் படையில் இருப்பது அதுதான். காற்றில் அடித்துப்போன படகைத் தேடி எங்கள் தலைக்கு மேல் தாழப் பறப்பதும் அதுதான். அந்த விமானத்துக்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் நாற்பது ஆண்டு செய்த பிறகும் டார்னியர் டார்னியராகவே இருக்கிறது. அதிலிருந்து நம்முடையது என்று அடுத்த விமானம் ஒன்று பிறக்கவில்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பெங்களூரில் விமான வேலை நடக்கும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தேன். அதில் பெரும்பகுதி எடைப் பிரிவில். வரும் ஒவ்வொரு பாகத்தையும் தராசில் வைத்து, வரைபடத்தில் சொன்ன எடையோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். மீன் ஏலத்தில் தராசில் விரலை வைக்கும் வியாபாரியைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. விமானத்தில் யாரும் தராசில் விரல் வைக்க முடியாது. வைத்தால், வானத்தில் போய்த் தெரிந்துவிடும்.

விமான வடிவமைப்பில் எடையைப் போன்ற பொல்லாத எதிரி வேறு இல்லை. ஒரு பாகம் ஒரு கிலோ கூடினால் அந்த ஒரு கிலோவோடு நிற்காது. அதைத் தூக்க இறக்கை கூடுதலாக உழைக்க வேண்டும். இறக்கை உழைத்தால் காற்றின் இழுப்பு கூடும். இழுப்புக் கூடினால் எரிபொருள் கூடுதல் வேண்டும். எரிபொருள் கூடினால் அதைச் சுமக்கும் எடை கூடும். வட்டிக்கு வட்டி மாதிரி. பாரம் மிஞ்சினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் அளவுக்கு மீறி ஆளேற்றிய ஒரு படகு கவிழ்ந்து, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இருபதுக்கும் மேல் இறந்துபோனார்கள். அன்று எங்கள் கரையில் நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை.

இந்த எடைதான் நம் சொந்த விமானமான சரஸையும் வாட்டியது. சரஸில் நான் வேலை பார்த்ததில்லை. எல்லாருக்கும் தெரிய வந்த விஷயங்களை வைத்தே பேசுகிறேன்.

பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம், என்.ஏ.எல்., 1990-களில் ரஷ்யாவோடு சேர்ந்து யோசித்த விமானம் அது. பதினான்கு பேர் போகலாம். அதிகாரிகள் பயணம், ஆம்புலன்ஸ், தபால் என்று பல வேலைக்கு ஆகும். ஜெட் இல்லை, விசிறி எஞ்சின். விசிறிகள் பின்பக்கம் இருந்து தள்ளும் அமைப்பு. ரஷ்யாவிடம் பணம் இல்லாமல் அவர்கள் விலகிக்கொண்டார்கள். 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு வந்த தடைகளால் பாகங்கள் கிடைப்பது சிரமமானது. எல்லாவற்றையும் தாண்டி 2004 மே 29 அன்று முதல் சரஸ் பறந்தது. ஆனால் காலி விமானம் 4,100 கிலோ சொச்சம் இருக்க வேண்டியது, 5,100 கிலோவுக்கு வந்து நின்றது. ஆயிரம் கிலோ அதிகம். எடைப் பிரிவில் இருந்தவனுக்கு இந்த எண்ணைப் படிக்கும்போது வயிற்றைப் பிசையும். எடையைக் குறைத்து, எஞ்சினைப் பெரிதாக்கி 2007-ல் இரண்டாவது விமானத்தைப் பறக்கவிட்டார்கள்.

2009 மார்ச் 6 அன்று அந்த இரண்டாவது விமானம் பெங்களூருக்கு வெளியே பிடதி அருகே விழுந்தது. உள்ளே இருந்த விமானப்படை அதிகாரிகள் மூன்று பேரும் இறந்தார்கள். பறக்கும்போதே ஓர் எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி இயக்கிப் பார்க்கும் சோதனை அது. இரண்டு எஞ்சின் உள்ள எந்த விமானமும் தாண்டியே ஆகவேண்டிய சோதனை. நடைமுறையை வகுத்ததே சரியில்லை, அதைச் செய்து பார்த்த உயரமும் போதவில்லை என்று விசாரணை சொன்னது.

இதை அக்கா மகனிடம் சொன்னபோது அவனுக்கு உடனே பிடிபட்டது. "முகத்துவாரத்துல எஞ்சின் நின்ன மாதிரி" என்றான். அதேதான். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் நிதானமாகக் கயிற்றை இழுத்து மறுபடி கிளப்பலாம். முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தில் நின்றால் அந்த அவகாசம் கிடையாது. விமானத்துக்கு உயரம்தான் அவகாசம்.

அந்த மூவரின் உயிருக்கு நாம் என்ன மரியாதை செய்தோம்? என் வருத்தம் இங்கேதான் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு தவறைக் கண்டுபிடித்து, திருத்தி, மறுபடி பறக்கவிடுவதுதான் மரியாதை. நாம் ஒன்பது ஆண்டு நிறுத்தி வைத்தோம். நடுவில் திட்டத்துக்கான பணமும் நின்றது. திருத்திய சரஸ் 2018 ஜனவரி 24 அன்றுதான் மறுபடி வானம் ஏறியது. அதற்குள் அந்த விமானத்தை ஆரம்பத்திலிருந்து அறிந்தவர்கள் எத்தனை பேர் என்னைப் போல ஓய்வு பெற்றிருப்பார்கள்! 19 பேர் உட்காரும் அடுத்த வடிவம் இன்னும் பறக்கவில்லை.

"நம்மால் முடியாது, விடுங்கள்; வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பிரேசிலைக் காட்டுவேன். 1968 அக்டோபரில் பிரேசில்காரர்கள் பண்டெய்ராண்டே என்று ஒரு சின்ன விசிறி எஞ்சின் விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அதைத் தயாரிப்பதற்கென்றே அடுத்த வருஷம் எம்ப்ரேயர் நிறுவனத்தை அரசு தொடங்கியது. அவர்களும் தடுக்கி விழுந்தார்கள். சரஸைப் போலவே விசிறி பின்னால் இருந்து தள்ளும் 19 இருக்கை விமானம் ஒன்றை 1990-ல் செய்தார்கள். நல்ல விமானம், ஆனால் விலை அதிகம், வாங்க ஆளில்லை. கைவிட்டார்கள். நிறுவனமே தள்ளாடி 1994-ல் தனியாருக்குப் போனது. ஆனால் அதில் உழைத்துத் தெரிந்துகொண்டதைக் குப்பையில் போடவில்லை. அடுத்த ஜெட் விமானத்துக்குக் கொண்டுபோனார்கள்.

2012 நவம்பரில் அதே நிறுவனத்தின் லெகசி 500 பறந்தது. நடுத்தர வணிக ஜெட். ஆறடி உயர ஆள் குனியாமல் நிற்கலாம். ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் போகும். விமானி பிடியை அசைத்தால் கம்பியும் கப்பியும் இழுப்பதில்லை; மின்சமிக்ஞை கணினி வழியாகப் போய் இறக்கைப் பலகைகளை அசைக்கிறது. இந்த அளவு விமானத்தில் அதை முழுமையாகக் கொண்டுவந்த முதல் விமானம் அது. எஞ்சின் அமெரிக்காவிலிருந்து வாங்கியதுதான். எல்லாவற்றையும் தானே செய்யவேண்டும் என்பதில்லை. முழு விமானத்தையும் யோசிக்கிற தலை சொந்தமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். பிறகு அதையே வளர்த்து பிரேட்டர் 600 என்று 2019-ல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அது 7,400 கிலோமீட்டர் போகும். நாக்பூரில் செய்யப் போகும் ஃபால்கன் போகிற அதே தூரம்!

பிரேசில் நம்மைவிடப் பணக்கார நாடாகவா தொடங்கியது? அவர்கள் விமானங்கள் இன்று நம் விமானப்படையில் பெரிய மனிதர்களை ஏற்றிச் செல்கின்றன. நம் நேத்ரா ரேடார் அமர்ந்திருப்பதும் எம்ப்ரேயர் விமானத்தின் முதுகில்தான்.

"பணக்காரன் போகும் விமானத்துக்கு மீனவன் ஏன் கவலைப்படணும்?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த அளவு விமானம் பணக்காரனோடு நிற்பதில்லை. அதே ஃபால்கன் 2000-ஐக் கடல் கண்காணிப்புக்கு மாற்றி ஜப்பான் கடலோரக் காவல் படை வைத்திருக்கிறது. பிரெஞ்சுக் கடற்படையும் அதைத்தான் கேட்டிருக்கிறது. நீண்ட தூரம் வேகமாகப் போய், கடலில் காணாமல் போனவனைத் தேடித் திரும்பும் விமானம் எங்களுக்குத் தேவையில்லையா? அதை நாமே யோசித்துச் செய்தால், வங்கக் கடலுக்கு என்ன வேண்டும் என்று எங்களைக் கேட்டுச் செய்யலாம் இல்லையா?

நம் ஆட்களுக்குத் திறமை இல்லை என்றும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாட்சி எங்கள் ஏரிக்கு எதிரிலேயே இருக்கிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று அப்துல் கலாம் தலைமையில் செய்த முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கிளம்பிய சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. நான் அப்போது பெங்களூரில் இருந்தேன். அப்பாவுக்கு எழுதத் தெரியாது. தம்பியை விட்டுக் கடிதம் எழுதச் சொன்னார். "ராக்கெட் கடலுக்குப் போய்விட்டது. மறுபடி விடுவார்களாம்" என்று ஒரு வரி அதில் இருந்தது. சொன்னபடியே அடுத்த வருஷம் 1980 ஜூலை 18 அன்று விட்டார்கள். ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது. ராக்கெட் விழுந்ததும் கடையைச் சாத்தியிருந்தால் இன்று சந்திரயான் ஏது? ராக்கெட்டில் உயிர்ச்சேதம் இல்லை, விமானத்தில் இருந்தது என்று சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இன்னும் கவனமாக, ஆனால் விடாமல் செய்திருக்க வேண்டும் என்கிறேன்.

ஆகவே என் கருத்து இது. நாக்பூர் வரட்டும். துல்லியமாகப் பொருத்துவதும், ஒவ்வொரு ரிவெட்டுக்கும் கணக்கு வைப்பதும், உலகத் தரத்தில் சோதிப்பதும் அங்கே நம் பிள்ளைகளுக்குக் கைவரும். அது சின்ன விஷயமில்லை. நான் அப்படிப்பட்ட வேலையில்தான் சோறு சாப்பிட்டேன். ஆனால் அதைக் காட்டி, சொந்த விமானம் வந்துவிட்டது என்று யாரும் கைதட்ட வேண்டாம். சரஸின் அடுத்த வடிவத்துக்குப் பணத்தை நடுவில் நிறுத்தாமல் கொடுத்து முடிக்கட்டும். கொஞ்சம் எடை கூடட்டும், கொஞ்சம் தாமதமாகட்டும், பரவாயில்லை. முடித்தவனுக்குத்தான் அடுத்தது எளிது. சரஸை முடிக்காத நாடு ஒரு நாளும் சொந்த ஜெட்டுக்குப் போகாது.

அக்கா மகனுக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "நாக்பூரில் வேலை கிடைத்தால் தாராளமாகப் போ. ஐந்து வருஷம் கற்றுக்கொள். ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் பொருத்தும்போது, இது ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வை" என்றேன்.

"யாரும் பதில் சொல்லலேன்னா, தாத்தா?" என்றாள்.

"கேள்வியை மட்டுமாவது எழுதி வை" என்றேன்.

மறுநாள் காலை அவள் அப்பன் பழைய எஞ்சினோடு ஏரிக்குப் போனான். மதியம் திரும்பி வரும்வரை எனக்கு முகத்துவாரத்தின் பக்கமே பார்வை போய்க்கொண்டிருந்தது.